டைபாய்டு மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்ற கதை

1948-ல் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று குளோராம்பெனிகால் என்ற புது மருந்தோடு மலேயாவின் கோலாலம்பூரில் போய் இறங்கியது. அவர்கள் தேடிப் போனது டைபாய்டை அல்ல. புதர்களில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறொரு காய்ச்சலை. மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு வந்திருந்தது உண்மையில் டைபாய்டு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் மருந்து கேட்டிருந்தது. மூன்று நான்கு வாரம் காயும் ஜுரம் மூன்று நான்கு நாளில் இறங்கியது.

அதன் அருமை தெரிய வேண்டுமென்றால் அதற்கு முந்தைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். நல்ல மருந்து இல்லாத காலத்தில் டைபாய்டு வந்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் இறந்தார்கள். மூன்றாவது வாரத்தில் குடலில் ஓட்டை விழுவதும் ரத்தப்போக்கும்தான் பெரும்பாலும் ஆளைக் கொண்டுபோகும். குளோராம்பெனிகால் வந்த பிறகு அந்த எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. அரிதாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும் ஆபத்து அந்த மருந்துக்கு உண்டு. ஆனாலும் கால் நூற்றாண்டுக்கு டைபாய்டு என்றாலே டாக்டர்கள் எழுதியது அதைத்தான்.

1972-ல் இரண்டு இடங்களிலிருந்து கெட்ட செய்தி வந்தது. மெக்சிகோவில் ஆயிரக்கணக்கானோரைப் படுக்க வைத்த டைபாய்டு, குளோராம்பெனிகாலுக்கு அசையவில்லை. அதே ஆண்டு நம் பக்கத்திலேயே, கோழிக்கோட்டில் எடுத்த டைபாய்டு கிருமியும் அப்படியே நடந்துகொண்டது. கோழிக்கோட்டு ஆய்வாளர்கள் அதைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கிருமி மருந்துக்கு மசியவில்லை என்பது பாதிச் செய்திதான். அந்தத் திறனை அது இன்னொரு பாக்டீரியாவுக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் செய்தது என்பதுதான் மீதிப் பாதி. இன்று வரை நம்மைப் படுத்துவது இந்த இரண்டாவது பாதி.

"அந்த மாத்திரை என் உடம்புக்குப் பழகிப்போச்சு, இப்போ கேக்கறதில்லை" என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். மருந்துக்குப் பழகுவது உடம்பு அல்ல, கிருமி. ஆன்டிபயாடிக்கை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடாத கைக்குழந்தைக்கும் மருந்துக்கு அடங்காத டைபாய்டு வரலாம். குழந்தை குடித்த தண்ணீரில் வந்த கிருமி வேறெங்கோ, வேறு யாருடைய வயிற்றிலோ அந்தத் திறனைப் பெற்று வந்திருக்கும்.

எப்படிப் பெறுகிறது? பாக்டீரியா பெருகும்போது அதன் டி.என்.ஏ-வைப் பிரதி எடுக்கிறது. கோடிக்கணக்கான பிரதிகளில் சிலவற்றில் பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் ஒரு பயனும் இல்லை. ஏதோ ஒன்று மட்டும் தற்செயலாக மருந்தைத் தாங்கும் வல்லமையைக் கொடுத்துவிடும். மருந்து இல்லாத இடத்தில் அந்தக் கிருமி கூட்டத்தில் ஒன்றாகக் கிடக்கும். மருந்து வந்ததும் மற்றவை சாக, இது மட்டும் மிஞ்சிப் பெருகும். மருந்து கிருமிக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. பொறுக்கி எடுக்கிறது, அவ்வளவுதான்.

இது ஒரு வழி. இன்னொன்று, பிளாஸ்மிட் என்ற வளைய வடிவ டி.என்.ஏ துண்டு. பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ-வோடு சேராமல் தனியாக இருக்கும். அதில் மூன்று, நான்கு, ஐந்து மருந்துகளை எதிர்க்கும் ஜீன்கள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது இந்த வளையத்தின் பிரதி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. கோழிக்கோட்டில் பார்த்தது இந்த வகை.

1980-களின் இறுதியில் இப்படி ஒரு பிளாஸ்மிட்டைச் சுமந்த டைபாய்டு கிருமி இந்தியாவிலும் சுற்றுவட்டார நாடுகளிலும் பரவியது. அதில் குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூன்றுக்கும் சேர்த்து எதிர்ப்பு இருந்தது. டாக்டர்களின் கையில் இருந்த மூன்று ஆயுதங்களும் ஒரே வீச்சில் மழுங்கின. எச்58 என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட இந்தக் கிருமிக் குடும்பம் தெற்காசியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த நேரத்தில் சிப்ரோஃபிளாக்சசின் வந்தது. மாத்திரையாகவே விழுங்கலாம், ஜுரம் சீக்கிரம் இறங்கும், மஜ்ஜை பயமும் இல்லை. டாக்டர்கள் மகிழ்ந்ததில் தப்பில்லை. ஆனால் அது டைபாய்டோடு நிற்கவில்லை. வயிற்றுப்போக்குக்கும், சிறுநீர் எரிச்சலுக்கும், ஏன் வெறும் ஜுரத்துக்கும்கூட மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கும் மாத்திரையாக அது ஆனது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் டைபாய்டு கிருமி அதற்கும் வழி கண்டுபிடித்தது. சிப்ரோ போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியது. மருந்து வருகிறது, ஆனால் ஒட்ட இடம் கிடைக்காமல் நழுவுகிறது. இன்று இந்தியாவில் எடுக்கப்படும் டைபாய்டு கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை சிப்ரோவுக்குச் சரியாகப் பணிவதில்லை.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. டாக்டர்கள் குளோராம்பெனிகாலைக் கைவிட்டு ஆண்டுகள் போனபின் இந்தியாவில் டைபாய்டு கிருமி மறுபடி அதற்குப் பணிய ஆரம்பித்தது. பிளாஸ்மிட்டைச் சுமப்பதற்குக் கிருமி சக்தி செலவழிக்க வேண்டும். மருந்தே வராத இடத்தில் அது வீண் சுமை. சுமக்காத கிருமி வேகமாகப் பெருகி, சுமப்பதை ஓரம்கட்டிவிடும். அப்படியானால் சிப்ரோவையும் சில ஆண்டு பரணில் போட்டு வைத்தால் திரும்பக் கிடைத்துவிடாதா? கிடைப்பது சிரமம். சிப்ரோவை நழுவ விடும் அந்தப் புரத மாற்றம் கிருமிக்குச் சுமையாக இல்லை. மருந்து இல்லாத சூழலில்கூட அந்த வகைக் கிருமி மற்றவற்றுக்கு ஈடுகொடுத்து, சில நேரம் அவற்றை முந்தியும் வளர்வதை ஆய்வுக்கூடச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். மருந்துக்கு ஓய்வு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுவது எளிது. எந்த மருந்து, எந்த வழியில் தோற்றது என்பதைப் பொறுத்தது அது.

அடுத்து வந்தவை இரண்டு வகை. ஊசியாக ஏற்றும் செஃப்ட்ரையாக்சோன், அதன் உறவுக்கார மாத்திரையான செஃபிக்சைம் ஒருபுறம். அசித்ரோமைசின் மறுபுறம். நம்மூரில் இன்று டைபாய்டு வந்தால் இவற்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள்.

2016 நவம்பரில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஹைதராபாத் என்ற நகரத்தில் (நம் ஹைதராபாத் அல்ல) ஒரு டைபாய்டு பரவல் தொடங்கியது. பழைய மூன்று மருந்தும் கேட்கவில்லை, சிப்ரோவும் கேட்கவில்லை, செஃப்ட்ரையாக்சோனும் கேட்கவில்லை. மிஞ்சியவை அசித்ரோமைசினும், மெரோபெனம் போன்ற கார்பாபெனம் ஊசிகளும் மட்டுமே. 2018 முடிவதற்குள் 5,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்த வகை டைபாய்டு வந்திருந்தது. பாகிஸ்தான் போய்த் திரும்பிய பயணிகளோடு அது பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போனது.

கிருமியின் மரபணுவைப் பிரித்துப் படித்தவர்கள் கண்டது முக்கியமானது. பழைய எச்58 குடும்பம்தான் அது. புதிதாக ஒரு பிளாஸ்மிட் வந்து சேர்ந்திருந்தது. செஃப்ட்ரையாக்சோனை உடைத்துப்போடும் நொதியைச் செய்யும் ஜீன் அதில் இருந்தது. அந்தப் பிளாஸ்மிட்டை அது வாங்கியது பெரும்பாலும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவிடமிருந்து. ஈ.கோலை எங்கோ காட்டில் இருப்பது அல்ல. உங்கள் குடலிலும் என் குடலிலும் எப்போதும் குடியிருப்பது. பெரும்பாலும் சாதுவானது.

சளிக்கு விழுங்கும் மாத்திரை டைபாய்டு மருந்தைக் கெடுப்பது இந்த வழியாகத்தான். ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் மாத்திரை வயிற்றுக்குள் சும்மா இருப்பதில்லை. குடலில் இருக்கும் ஈ.கோலைகளில் மருந்துக்குப் பணிபவற்றைக் கொன்று, எதிர்ப்பு ஜீன் சுமப்பவற்றை விட்டுவைக்கிறது. ஜலதோஷம் எப்படியும் ஒரு வாரத்தில் போய்விடும். மிஞ்சிப் பெருகிய ஈ.கோலைகள் மலத்தோடு சாக்கடைக்குப் போகும். பத்து லட்சம் பேர் இருக்கும் ஊரில் இப்படி எத்தனை பேருடைய குடல் பாக்டீரியாக்கள் ஒரே சாக்கடையில் சந்திக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதே சாக்கடையில்தான் டைபாய்டு கிருமியும் வருகிறது. இரண்டுக்கும் இடையே பிளாஸ்மிட் கைமாறுவதற்கு நெரிசலும் நேரமும் போதும்.

"மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், அதனால்தான் கிருமி வலுக்கிறது" என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. டைபாய்டில் மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும் என்பது உண்மைதான். பாதியில் விட்டால் நோய் திரும்பவும் வரலாம். ஆனால் பழியை எல்லாம் பாதியில் நிறுத்திய நோயாளியின் தலையில் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேவையே இல்லாமல் ஆரம்பித்த மாத்திரையை முழுக்கச் சாப்பிடுவதும் குடல் பாக்டீரியாவைப் பொறுத்தவரை கெடுதல்தான். மருந்துக்கடைகளின் பங்கும் உண்டு. செஃபிக்சைம், செஃப்ட்ரையாக்சோன் போன்றவை, மருந்து விதிகளில் 2014 முதல் நடப்புக்கு வந்த எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் வாங்கியவர் பெயர், எழுதிய டாக்டர் பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை உங்கள் தெரு மருந்துக்கடையில் பார்த்திருக்கிறீர்களா? மருந்து ஆலைக் கழிவின் பங்கும் இருக்கிறது. நம் நாட்டு ஹைதராபாத்துக்கு அருகே படான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோ இருந்தது. சிப்ரோ சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது.

இன்னொரு குற்றவாளி நம் பரிசோதனை முறை. ஜுரம் வந்தால் "விடால் எடுத்துப் பாருங்க" என்பது நம்மூர் வழக்கம். 1896-ல் வந்த சோதனை அது. ரத்தத்தில் கிருமியைத் தேடுவதில்லை. டைபாய்டுக்கு எதிராக உடம்பு செய்த எதிர்பொருள்களைத் தேடுகிறது. டைபாய்டு அடிக்கடி வரும் ஊரில் பலருக்கும் பழைய தொற்றின் மிச்சமாகவே அவை இருக்கும். கிருமியின் உறவினமான வேறு பாக்டீரியாவால் வந்த தொற்றும் சோதனையை ஏமாற்றும். ஒரே ஒரு விடால் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, டைபாய்டே இல்லாத எத்தனையோ பேருக்கு டைபாய்டு மருந்து போகிறது.

உருப்படியான சோதனை பிளட் கல்ச்சர். அதில் நடப்பது என்ன என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். முதல் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே, பெரியவர் என்றால் எட்டு முதல் பத்து மில்லி ரத்தம் எடுத்து, கிருமி வளர்வதற்கான சத்துநீர் உள்ள பாட்டிலில் விடுவார்கள். பாட்டில் உடல் வெப்பத்திலேயே ஒரு கருவிக்குள் இருக்கும். டைபாய்டு ரத்தத்தில் கிருமி மிகச் சொற்பம். மில்லிக்கு ஒன்றுகூடத் தேறாமல் போகும். அதனால்தான் அவ்வளவு ரத்தம். கிருமி வளர்ந்தால் அது விடும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்துக் கருவி சத்தம் எழுப்பும். அதற்கு ஒரு நாளும் ஆகும், இரண்டு மூன்று நாளும் ஆகும். பிறகு அந்தக் கிருமியைக் கூழ் நிரப்பிய தட்டில் சீராகப் பூசி, மேலே சிறு காகித வில்லைகளை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். ராத்திரி முழுக்க வளரவிட்டுக் காலையில் பார்த்தால் தட்டு முழுக்கப் பால் ஆடை போலக் கிருமி படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்யும் வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி இல்லாத தெளிந்த வட்டம். அந்த வட்டத்தின் விட்டத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளப்பார்கள். சிப்ரோ வில்லையைச் சுற்றி வட்டம் சுருங்கிக் கிடப்பதை இன்றைய ஆய்வகங்களில் வேலை பார்ப்பவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

இந்தச் சோதனையிலும் குறை உண்டு. உண்மையான டைபாய்டு நோயாளிகளில் பத்துக்கு ஆறு பேரிடம்தான் கிருமி பிடிபடும். முன்கூட்டியே ஏதாவது ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டு வந்தால் அதுவும் குறையும். முதல் நாளே மருந்துக்கடை மாத்திரை, நான்காம் நாள் டாக்டர், ஆறாம் நாள் கல்ச்சர் என்று போனால் பாட்டிலில் பெரும்பாலும் எதுவும் வளராது. பிறகு டாக்டர் இருட்டில்தான் மருந்து எழுத வேண்டியிருக்கும்.

நோயாளி தரப்பில் நடக்கும் இன்னொரு தவறு அவசரம். சரியான மருந்து சரியான அளவில் போனாலும் டைபாய்டு ஜுரம் உடனே நிற்காது. செஃப்ட்ரையாக்சோன் ஏற்றினாலும் நான்கு முதல் ஆறு நாள் வரை மாலையில் ஜுரம் ஏறத்தான் செய்யும். இரண்டாம் நாளே "மருந்து கேட்கலையே டாக்டர், மாத்திக் குடுங்க" என்று நெருக்கினால், அவர் இன்னும் வலுவான மருந்துக்குப் போவார். மாற்றுவதற்கு இருக்கும் பட்டியலோ குட்டை.

அது இன்னும் குட்டையாகிறது. டாக்கா ஆய்வாளர்கள் 2019-ல் அசித்ரோமைசினுக்குப் பணியாத டைபாய்டு கிருமிகளை விவரித்தார்கள். கிருமியின் சுவரில் வேண்டாத பொருள்களை வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு பம்பு உண்டு. அதில் ஒரு அமினோ அமிலம் மாறி, அசித்ரோவையும் இறைத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டது. சிந்து மாகாணத்துக் கிருமியில் இந்த மாற்றமும் வேரூன்றினால், வீட்டில் வைத்து மாத்திரையால் டைபாய்டைக் குணப்படுத்தும் காலம் அங்கே முடிந்துவிடும். மிஞ்சுவது ஆஸ்பத்திரியில் படுத்து ஏற்றிக்கொள்ளும் கார்பாபெனம் மட்டும்.

அதுவும் பத்திரமான கோட்டை அல்ல. கார்பாபெனத்தை உடைக்கும் என்டிஎம்-1 என்ற நொதியின் ஜீன் எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010-ல் 'லான்செட்' குழும இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 பாக்டீரியா மாதிரிகளில் அந்த ஜீன் கிடைத்தது. நொதியின் பெயரில் உள்ள 'என்டி' நியூடெல்லியைக் குறித்ததற்காக நாடாளுமன்றம் வரை சர்ச்சை போனது. பெயரை விட்டுவிட்டு ஜீனைப் பார்த்திருக்கலாம். அடுத்த ஆண்டே டெல்லியின் 50 குடிநீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும் அது இருப்பதாக இன்னொரு ஆய்வு சொன்னது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதைப் பிளாஸ்மிட்டில்தான் சுமக்கின்றன. டைபாய்டு கிருமிக்கு அது போய்ச் சேராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

புது ஆன்டிபயாடிக் கண்டுபிடிக்கட்டுமே என்று கேட்கலாம். கண்டுபிடிக்கட்டும். ஆனால் டைபாய்டு மருந்துகளின் எழுபது ஆண்டுக்கும் மேலான வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு புது மருந்தும் சில காலத்துக்கு அவகாசம் வாங்கித் தந்திருக்கிறது, அவ்வளவே. அமெரிக்க நகரங்களில் டைபாய்டைப் பெருமளவு ஒழித்தது குளோராம்பெனிகால் அல்ல. அது வருவதற்கு முன்பே, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்று நீரை மணலில் வடிகட்டியதும் குளோரின் கலந்ததும் அந்த வேலையைச் செய்துவிட்டன. டைபாய்டு கிருமி மனித உடலை விட்டால் வேறு எந்த விலங்கிலும் வாழாது. மனித மலம் மனிதர் குடிக்கும் தண்ணீரில் கலப்பதை நிறுத்தினால் அதற்குப் போக்கிடம் இல்லை. மருந்துக்கு அடங்காத டைபாய்டும் அடங்கும் டைபாய்டும் வருவது ஒரே குழாய் வழியாகத்தான்.

தடுப்பூசியும் அப்படித்தான். எந்த மருந்தை எதிர்க்கும் கிருமி என்று அது பார்ப்பதில்லை. நம் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் செய்யும் புதுவகை டைபாய்டு ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. சிந்து மாகாணத்தில் 2019 நவம்பரில் ஒரு கோடிக் குழந்தைகளை இலக்காக வைத்துப் போட ஆரம்பித்தார்கள். மருந்துக்கு அடங்காத வகை டைபாய்டிலிருந்தும் அது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் காத்ததாக அங்கே செய்த ஆய்வு காட்டியது. இந்தியாவில் செய்த ஊசி பாகிஸ்தான் குழந்தைகளைக் காத்தது. இங்கே நவி மும்பை மாநகராட்சி 2018-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அதைப் போட்டது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதத்திலிருந்தே போடலாம் என்கிறது. கேட்டு வாங்கிப் போட வேண்டிய ஊசி இது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வில் டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகரப் பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 576 முதல் 1,173 பேருக்கு டைபாய்டு வந்தது. புணே பக்கத்துக் கிராமத்தில் அதே கணக்கு 35 மட்டுமே.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் இவ்வளவு இடைவெளி ஏன் வருகிறது என்று தேடினால் சந்தேகம் முதலில் குழாயின் மேல்தான் போகும். நாள் விட்டு நாள் தண்ணீர் விடும் ஊரில், நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். பக்கத்தில் சாக்கடை கசிந்து தேங்கியிருந்தால் அந்த நீர் விரிசல் வழியாகக் குழாய்க்குள் இழுக்கப்படும். மறுபடி திறந்துவிடும்போது முதலில் வரும் கலங்கல் குடத்தில் இருப்பது பல நேரம் அதுதான். அதைக் கீழே விட்டுவிட்டு, பிறகு பிடித்ததையும் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.